யார் பேருக்கு?

அலபாமாவின் ஆகஸ்ட் வெயிலில் மைதானத்துப் புல் கொதிக்கிறது. சீசன் தொடங்குமுன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடும் நாள். மற்ற மேஜைகளில் நீண்ட வரிசை. கோல்பி முன்னால் நாங்கள் இரண்டு பேர்தான். போன நவம்பரில் கடைசிப் பந்தைக் கோல் கம்பங்களுக்கு வெளியே உதைத்து ஆட்டத்தைத் தோற்கவைத்தவன் அவன். அன்றே "செத்துத் தொலைடா" என்று என் சொந்தப் பேரிலேயே அவனுக்கு எழுதி அனுப்பியவன் நான். "யார் பேருக்குப் போடட்டும், சார்?" "பேரெல்லாம் வேணாம் தம்பி, கையெழுத்து போதும்." பின்னால் என் மனைவி டார்லா சிரிக்கிறாள். "கூச்சத்தைப் பாரு! லாய்ட் டாக்கெட்னு போடுப்பா. எப்ப ஆட்டம் ஆரம்பிக்கும்னு நாள் எண்ணிட்டிருக்காரு." பேனா நிற்கிறது. நான் கொடுத்த வெள்ளைப் பந்தில் ஒரு நீலப் புள்ளி கசிந்து பெரிதாகிறது. பிறகு என் பேரை முழுசாக எழுதி, தலை நிமிராமல் பந்தை நீட்டுகிறான். "இந்த வருஷம் உள்ள போட்டுடறேன், சார்."