முழங்கால் உயரத்தில்

ஒரு கை உயர்ந்தது. டீச்சர் கைதட்டினாள்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் காட்டோரப் புதர்களுக்கிடையே குனிந்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். முயலுக்கும் மானுக்கும் வைக்கிற கம்பிக் கண்ணியைத் தேடப் பழகும் வகுப்பு. கண்ணி முழங்கால் உயரத்தில் இருக்கும். பெரியவர்கள் நிமிர்ந்து நடந்து தவறவிடுவார்கள். பிள்ளைகளுக்கு நேரெதிரே தெரியும்.

கண்டால் தொடக் கூடாது. அங்கேயே நின்று கையைத் தூக்க வேண்டும். பெரியவர் வந்து பார்க்கும்வரை இறக்கக் கூடாது.

பழகுவதற்காக வனக்காப்பாளர் நஞ்சப்பன் காலையிலேயே ஒரு போலிக் கண்ணி கட்டி வைத்திருந்தார். அதற்கான பழைய பிரேக் ஒயர் அவள் கணவரின் பைக் பட்டறையிலிருந்து வந்தது. எதற்கென்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தாயிற்று. இனி சுண்டலைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவள் பையைத் திறந்தாள்.

இன்னொரு கை உயர்ந்தது.

வால்தனம் என்று நினைத்தாள். இந்த வகுப்பில் ஒருத்தனுக்கு ஒண்ணுக்கு வந்தால் அத்தனை பேருக்கும் வரும்.

பாறைப் பக்கம் ஒரு கை. அதற்கும் அப்பால் ஒன்று.

யாரும் சிரிக்கவில்லை.

நஞ்சப்பன் கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"நான் ஒன்னுதானுங்க டீச்சர் கட்டுனேன்."

பிள்ளைகளை எதற்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறோம் என்று பதறினாள்.

அவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்க் கண்ணியை அவிழ்த்தார். அவிழ்த்ததையெல்லாம் அவள் கையில் கொடுத்துக்கொண்டே வந்தார். ஒன்றில் சாம்பல் நிற மயிர் ஒட்டியிருந்தது.

எல்லாமே பிரேக் ஒயர். அது எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெட்டிய முனைகளில் என்னவோ தடவியிருந்தது.

"முனை பிரிஞ்சு கையைக் குத்தாம இருக்கறதுக்குங்க. வெவரமான ஆளு," என்றார்.

ரோஸ் நிறம். மினுமினுப்பு கலந்த ரோஸ்.

அதைப் பிடித்திருந்த அவள் விரல் நகங்களிலும் அதே ரோஸ்.

பண்ணை முயல் என்று சொல்லித்தான் கணவர் ஞாயிற்றுக்கிழமை கறி கொண்டுவந்தார். மிளகு தூக்கலாகப் போட்டு அவள்தான் வறுத்தாள்.

நகங்கள் தெரியாமல் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள். கம்பி உள்ளங்கையை அழுத்தியது.

இன்னும் ஒரு கை மிச்சமிருந்தது.

சஷ்மிதா. அவள் மகள்.

பள்ளிக்கூட நேரத்தில் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் மகளுக்குப் போட்ட சட்டம். ஒரு நாளும் மீறாத பிள்ளை. போன வாரம் நெயில் பாலிஷ் புட்டியைக் காலி பண்ணியதற்காக வீட்டில் அடி வாங்கியபோதும் எதிர்த்துப் பேசவில்லை. 'நான் இல்லை' என்று மட்டும் சொல்லிச் சொல்லி அழுதது. மறுநாள் அதே நிறத்தில் அவள் புதுப் புட்டி வாங்கிக்கொண்டாள்.

இப்போது அந்த முகத்தில் அழுகை இல்லை. புதரடியில் தொங்கிய கம்பியையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை திரும்பிச் சிரித்தது.

"அம்மா, நான் காலி பண்ணலைன்னு சொன்னேன்ல. இங்க பாரும்மா."

நஞ்சப்பன் நிமிர்ந்தார்.

"பாப்பா என்னங்க டீச்சர் சொல்லுது?"

பிள்ளைகள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வரும் வழியில் அவள்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். கண்ணி வைப்பது யாரென்று தெரிந்தால் மறைக்கக் கூடாது. மாமாவாக இருந்தாலும் சரி, சித்தப்பாவாக இருந்தாலும் சரி.

அப்பா என்று சொல்ல அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"ஒன்னுமில்லைங்க," என்றாள். மகளிடம் திரும்பினாள். "கையை இறக்கு, கண்ணு."

சஷ்மிதா இறக்கவில்லை.

பெரியவர் யாரும் இன்னும் கிட்டே வந்து பார்க்கவில்லையே.