தங்கையின் சனி

யுரேனஸைச் சுற்றும் ஒரு நிலவில் பூங்கோதைக்கு வேலை. தங்கை எழிலுக்குச் சனியின் டைட்டன் நிலவில் வேலை கிடைத்த நாளிலிருந்தே அவளுக்கு வயிறு எரிந்தது. அம்மா எப்போது பேசினாலும் எழில் அனுப்பிய வளையப் படங்களைப் பற்றியே பேசினாள். பூங்கோதையின் ஜன்னலில் தெரிந்ததோ, படுத்தபடியே சுழலும் ஒரு வெறும் வெளிர்நீலப் பந்து.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தங்கைக்குப் பேசி அனுப்பினாள். "அந்த வளையத்தை நீயே வச்சுக்கடி. இனிமே எனக்குப் படம் அனுப்பாதே."

பதில் வந்துசேரச் சில மணி நேரம் ஆனது.

"அக்கா, அதெல்லாம் ஆபீஸ்ல கொடுத்த படம். இங்க வானம் பூரா மஞ்சள் மூட்டம். வந்ததுலேருந்து ஒரு தடவைகூட நான் சனியைக் கண்ணால பார்த்ததில்ல. அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றது? உன் ஜன்னல்ல தினமும் ஒரு கிரகமே வந்து நிக்குது. எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கு தெரியுமா?"

அந்தக் கடைசி வரிக்காகவே பூங்கோதை அதை இன்னொரு முறை கேட்டாள். பிறகு ஜன்னல் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, கேமராவை அதன் பக்கம் திருப்பினாள்.