கடல்பாசி மாத்திரை

“முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் உசுரு தங்கும்னு சொல்லிட்டாக தம்பி. நாளைக்குக் காலையில ஆபரேசன்.”

விருதுநகர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பாலம்மாள், அடுத்த வீட்டுச் சேதி மாதிரி சொன்னாள். காலண்டர் சீசனில் தன் அச்சகத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சிவகாசியிலிருந்து ஓடிவந்த ராஜபாண்டியன் போர்வைக்கு மேலாக அவள் காலைத் தடவினான். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகத் திரிந்த அக்கா அவள்.

ஆறு மாசமாகச் சர்க்கரை மாத்திரையைத் தொடவே இல்லையாம். பதிலுக்குக் கடல்பாசி மாத்திரையாம். டாக்டரம்மா அவனைத் தனியே கூப்பிட்டுத் திட்டித் தீர்த்துவிட்டார். கடல்பாசிச் சத்தில் ஆய்வுக்கூடத்து எலிக்குச் சர்க்கரை குறைந்தது நிஜம்தானாம். மனுசனுக்கு மருந்தாக வர இன்னும் எத்தனையோ சோதனை பாக்கி இருக்கிறதாம். அதற்குள் எவனோ டப்பாவில் அடைத்து விற்றுவிட்டான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அலைகிற பயல்கள்!

“எவன் வித்தான்னு மட்டும் சொல்லுக்கா. உள்ள தள்ளாம விட மாட்டேன்.”

பாலம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வந்ததிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டான். ஊமைக்கோட்டான் மாதிரி இருந்தால் அவனுக்குக் கோபம் வராதா?

“பன்னெண்டாப்பு வரைக்கும் படிச்சவதானே நீ? எவனோ நிறுத்தச் சொன்னா மாத்திரையை நிறுத்திருவியா?”

“அவன் சொல்லலைலே. வேற மாத்திரையே வேண்டாம்னு டப்பாவுலயே போட்டிருந்துச்சு.”

“டப்பாவுல ஆயிரம் போடுவான். அச்சுல வந்ததெல்லாம் சத்தியமாக்கா?”

அவளுக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் வெறி ஏறியது. விற்றவன், செய்தவன், கூட நின்றவன் ஒருத்தனையும் விடப்போவதில்லை என்று கத்தினான். டப்பாவோடு போய் இப்போதே போலீசில் புகார் கொடுக்கிறேன் என்று கட்டிலடியில் இருந்த அவள் பையை இழுத்தான்.

பாலம்மாள் எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் ராசா, அதைக் குடுத்துராத. வித்தவனை நானும் நம்பலை. டப்பா அடியில பொடி எழுத்துல ‘பெத்தணன் ஆப்செட், சிவகாசி’ன்னு இருந்துச்சு. நம்ம அய்யா பேரைப் போட்டு என் தம்பி பொய் அச்சடிக்க மாட்டான்னுதான் நிறுத்துனேன்.”