இடைவெளி

"மீசையை மழிச்சிட்டு மேடை ஏறியிருக்கான் பாருங்க, கொஞ்சமாச்சும் வெட்கம் இருக்கா?" என்றாள் சிலோனி.

ஜுரேமா மேடையைப் பார்த்தாள். தொளதொளத்த கால்சட்டையும் முழங்கால் வரை பூட்ஸும் கழுத்தில் சிவப்புத் துணியுமாக அதேமார் நின்றிருந்தான். இந்தப் புல்வெளிச் சீமையில் மீசை இல்லாத மாட்டுக்காரனைப் பார்ப்பது அபூர்வம்தான்.

"மீசை எங்கடா? மாடு மேய்ஞ்சிடுச்சா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான். மன்றமே சிரித்தது. அதேமார் அசையவில்லை.

காம்போ செரெனோ ஊருக்கு ஜுரேமா வருவது இதுதான் முதல் தடவை. எதிர்ப்பாட்டுப் போட்டிக்குத் தீர்ப்புச் சொல்ல மாநிலத் தலைநகரான போர்ட்டோ அலெக்ரேயிலிருந்து அவளை வரவழைத்திருந்தார்கள். உள்ளூர்க்காரர்களை நம்ப முடியாது. பாதி ஊர் அதேமார் பக்கம், மீதி ஊர் நெரேயு பக்கம்.

"ரெண்டு பேருக்கும் ஆகாதோ?"

"வேலித் தகராறுல ஆரம்பிச்சது, டோனா ஜுரேமா" என்றாள் மன்றத்தின் தலைவி சிலோனி, சுரைக்குடுக்கையில் இருந்த மாத்தே தேநீரை உறிஞ்சியபடி. "முன்னெல்லாம் பாட்டோட நிக்கும். இப்ப இந்த அதேமார் அடிக்கிற மாதிரியே கிட்டப் போறான். போன வருஷம் அதுக்காகவே தோத்தான். புத்தி வரலை."

அக்கார்டியன் முழங்கியது. சட்டம் எளிது. ஒருவன் முடித்த சொல்லில் அடுத்தவன் தொடங்க வேண்டும், அந்தாதி மாதிரி. யோசிக்க நேரம் கிடையாது.

அதேமார் பூட்ஸ் காலால் பலகையை ஓங்கி மிதித்தான். மிதித்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லையும் சவைத்துச் சவைத்துப் பாடினான், குழந்தைக்குச் சொல்வது போல.

"கிழட்டுக் குதிரை மேலேறிக்
கிளம்பி வந்தான் நெரேயு,
பாட்டுல என்னை ஜெயிப்பானாம்,
பார்த்துச் சிரிக்குது வானம்."

நெரேயு கண் இமைக்காமல் அவனையே முறைத்துக்கொண்டிருந்தான். வெள்ளை மீசை, சுருங்கிய முகம். பதில் சாட்டை மாதிரி வந்தது.

"வானம் சிரிக்குது பங்காளி,
வழிச்ச மூஞ்சியப் பார்த்துத்தான்.
அறுத்த சோளக் கொல்லைபோல
அம்மணமா உன் மேலுதடு."

கூட்டம் பெஞ்சுகளைத் தட்டியது. அதேமார் ஓரடி முன்னால் வந்தான். திரும்ப ஒரு மிதி.

"மேலுதடு கிடக்கட்டும்டா,
மேடையில நிமிர்ந்து நில்லு.
நாலு வரிக்கே மூச்சு வாங்குது,
நாளைக்கு ஏது பல்லு?"

பாடி முடிக்கும்போது இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. ஜுரேமா மணியை அடித்தாள்.

"அதேமார், எட்டி நின்னு பாடுங்க. எதிராளியை மிரட்டக் கூடாது."

அதேமார் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தான். ஓரடி பின்னால் போனான். நெரேயு மணிக்கும் திரும்பவில்லை, அவளையும் பார்க்கவில்லை. என்ன வைராக்கியம் என்று வியந்தாள் ஜுரேமா. நெரேயு குரலைத் தாழ்த்தினான்.

"பல்லு போனா என்ன பங்காளி,
பாட்டு நெஞ்சுல கிடக்குது.
புல்லு அசைஞ்சா ராகம் எனக்கு,
பூமி அதிர்ந்தா தாளம்."

மன்றம் அடங்கிப்போனது. வெளியே கட்டியிருந்த குதிரை ஒன்று தலையை உதறும் சத்தம் கேட்டது. ஜுரேமாவுக்குக் கைமயிர் சிலிர்த்துக்கொண்டது. எத்தனையோ மேடைகளில் தீர்ப்புச் சொன்னவள் அவள். பெரிய பாட்டுக்காரர்களெல்லாம் தயார் செய்த வரிகளைச் செருகுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். இங்கே ஒரு மாட்டுக்காரக் கிழவன், நின்ற இடத்தில், காற்றிலிருந்து வரியைப் பறித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு அதேமாரும் சளைத்தவன் இல்லை. ஆனால் அடுத்த பாட்டிலேயே மறுபடி நெருங்கினான். அதற்கடுத்ததில் மூக்கும் மூக்கும் இடிக்காத குறை. பலகை அதிர அதிர மிதித்தான்.

"கையை வைக்கிறதுக்குள்ள நிறுத்துங்க" என்று சிலோனி முணுமுணுத்தாள்.

ஜுரேமா நிறுத்தினாள். ஒலிவாங்கியைப் பிடித்துத் தீர்ப்பைச் சொன்னாள்.

"பாட்டுல ரெண்டு பேரும் சமம். ஆனா சொல்லியும் கேட்காம எதிராளியை மிரட்டினதுக்காக அதேமாருக்கு மதிப்பெண் குறைக்கிறேன். கோப்பை நெரேயுவுக்கு."

கூச்சல் கூரையைத் தொட்டது. நெரேயு மலைத்துப்போய் நின்றான். சிலோனி கோப்பையைக் கையில் திணித்த பிறகுதான் அவன் முகம் மலர்ந்தது. அதேமாரைப் பார்த்து, "வெட்கங்கெட்டவனே, அடுத்த வருஷமும் தோத்துட்டுப் போ" என்று கத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கினான்.

ஜுரேமாவால் சும்மா கிளம்ப முடியவில்லை. அந்த மனிதனிடம் ஒரு வார்த்தை பேசாமல் எப்படிப் போவது? மன்றத்தின் பின்புறம் போனாள். கங்குக் குழியோரம் கம்பிகளில் விலா இறைச்சி வெந்துகொண்டிருந்தது. நெரேயு அவளுக்கு முதுகு காட்டி நின்று, கத்தியால் ஒரு துண்டை அரிந்துகொண்டிருந்தான்.

"நெரேயு, இந்த மாதிரி ஒரு பாட்டை நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லை" என்றாள்.

அவன் திரும்பவில்லை.

"உங்களைத்தான் சொல்றேன். எனக்குக் கும்பிடணும் போல இருக்கு."

அவன் இறைச்சியைத் திருப்பிப் போட்டான். ஜுரேமாவின் முகம் சுருங்கியது. ஜெயித்தவுடன் இவ்வளவு திமிரா?

ஒரு கை அவள் முழங்கையை மெல்லப் பற்றியது. அதேமார். அவளைக் குழியைச் சுற்றி அழைத்துக்கொண்டு போய், நெரேயுவின் முகத்துக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் நிறுத்தினான்.

"இங்க நின்னு மெதுவா சொல்லுங்க, டோனா. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவான்" என்றான், குரலைத் தணித்து. "ஊருக்குத் தெரிஞ்சா மேடை ஏத்த மாட்டாங்க. அவனுக்குக் காது சுத்தமா போய் ரெண்டு வருஷமாச்சு."