ரகசியமாக ஒரு ட்ரங்க்கால்

“டெலிபோன் ஆபீஸ் பொண்ணு அருஞ்சுனை கடைவீதியில என்னைப் பாத்து, ‘காய்ச்சல் தேவலையாக்கா?’ன்னு கேக்குதுங்க” என்றாள் சௌடம்மாள்.

வெங்கடசாமிக்கு வெற்றிலை புரையேறியது.

“உனக்குக் காய்ச்சல்னு கோயமுத்தூர் நூல் ஏஜெண்டுகிட்ட மட்டும்தானடி சொன்னேன்? அதுவும் கன்னடத்துல!”

“அது வளந்தது நம்ம தறிக்காரத் தெருவுல. கன்னடம் உங்களைவிடச் சுத்தமாப் பேசும்.”

அருப்புக்கோட்டையில் டெலிபோன் வைத்திருந்த சிலரில் வெங்கடசாமியும் ஒருவர். அதற்கு மரப்பெட்டி செய்து, பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார். இணைப்புக் கொடுப்பவர்கள் ஒட்டுக் கேட்பார்களே என்று ஆறு மாதமாக வியாபாரம் முழுக்கக் கன்னடத்தில்தான். ஏஜெண்டு சற்று யோசித்துத்தான் ‘சரிங்க’ என்பார். ஆனால் சொன்ன நூல் சொன்ன நாளில் வந்து இறங்கிவிடும். இந்த ரகசிய ஏற்பாட்டைப் பற்றி நெசவாளர் சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்தே பேசியிருந்தார்.

“விஷயம் அந்தப் போட்டிக்கார அப்பய்யா காதுக்குப் போச்சுன்னா முந்திக்கிட்டு நூல் லோடைத் தூக்கிருவான். தீபாவளி நேரத்துல நம்ம முப்பது தறியும் படுத்துரும்!”

“யாருகிட்டயும் சொல்ற பிள்ளை இல்லைங்க அது.”

“ரகசியத்தைப் பத்தி உனக்கென்னடி தெரியும்? உன் காய்ச்சலே வெளிய போயிருச்சு!”

அருஞ்சுனையை மாற்றச் சொல்லி டெலிபோன் இலாகாவுக்கு நாலு பக்கத்துக்கு மனு எழுதினார். ‘தேசப் பாதுகாப்பு’ மட்டும் ஏழு இடத்தில் வந்தது. மனுவின் கனம் தாங்காத மேலதிகாரி, அருஞ்சுனைக்குப் பிரமோஷன் கொடுத்து மதுரைக்கு அனுப்பிவைத்தார்.

அந்த இடத்துக்குப் புதிதாக வந்தவர் ராமநாதபுரத்துக்காரர், பெயர் தனுஷ்கோடி. வெங்கடசாமி நேரில் போய், அவர் முகத்துக்கு நேரே கன்னடத்தில் பத்து வசவு வைதார்.

“ரொம்ப சந்தோசம் ஐயா” என்று தனுஷ்கோடி கும்பிட்டார்.

இனிக் கவலையில்லை.

மறுநாள் காலையே கோயமுத்தூருக்கு ட்ரங்க்கால் கிடைத்தது.

“ஒரே ஒரு லோடுதானுங்க மிச்சம். அப்பய்யாவும் கேக்கறாருங்க. சட்டுனு சொல்லுங்க” என்றார் ஏஜெண்டு.

வெங்கடசாமி மீசையை நீவிக்கொண்டார். எத்தனை மூட்டை, என்ன ரகம், எந்த லாரி எல்லாவற்றையும் கன்னடத்தில் மூச்சுவிடாமல் கொட்டினார்.



“ஏனுங்க, நீங்க பேசறது எனக்கு என்னைக்குங்க புரிஞ்சுது?” என்றது ஏஜெண்டின் குரல். “நீங்க போனை வச்சதும் எல்லாத்தையும் தமிழ்ல எடுத்துச் சொல்லுவாங்களே உங்க செகரட்டரியம்மா, அவுங்களைக் கூப்பிடுங்க!”