மஞ்சள் கயாக்கில் வந்த மீன்

பெண் கால் வைத்தால் வள்ளத்துக்கு ஆகாது என்பது அந்தக் கரையின் பேச்சு. சலேத்தம்மாள் கால் வைத்தது வள்ளத்தில் அல்ல, சுற்றுலா விடுதியில் தினமும் தான் கழுவித் துடைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கயாக்கில், ஓராள் மட்டும் உட்காரும் துடுப்புப் படகில். விடிந்தும் விடியாமல் அலையைத் தாண்டிப்போய்த் தூண்டில் போட்டாள். தூண்டில் நரம்பு விறைத்தபோது மீன் வரவில்லை. கயாக்தான் மீனின் பக்கம் இழுபட்டுப் போனது. விரல் அறுபட்டும் அவள் விடவில்லை. கடைசியில் ஒரு பாறை மீன் மடியில் வந்து விழுந்தது. வேறெங்கும் வைக்க இடமில்லை. கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அது அடிக்க அடிக்கக் கரைக்குத் துடுப்புப் போட்டாள்.

ஏலம் கூறும் ததேயு எந்த மீனையும் வள்ளத்தின் பெயரைச் சொல்லித்தான் கூறுவான். மஞ்சள் பிளாஸ்டிக்கை ஏற இறங்கப் பார்த்தான்.

"மைனி, இதுக்குப் பேரே கெடையாதே. நான் என்னன்னு கூற?"

"குளிக்கிற வாளியில புடிச்சிட்டு வந்திருக்கா," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"உன் வள்ளம் இன்னைக்கு என்னலே புடிச்சுது?" என்றாள் சலேத்தம்மாள். அவன் தன் வெறும் கூடையைக் காலால் பின்னுக்குத் தள்ளினான்.

அவள் ததேயுவிடம் திரும்பினாள். "பேரு இருக்கு. சலேத்தம்மா."

ததேயு செவுளைத் தூக்கிப் பார்த்தான். நல்ல சிவப்பு, புது மீன்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்ற வள்ளங்களுக்குக் கூவுகிற அதே குரலில் கூவினான்.

"சலேத்தம்மா பாறை. யாரு கேக்குறா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. அது யாருடையது என்று அவள் பார்க்கவில்லை. விடுதியில் இன்னும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை; கயாக்கைத் தேடுவதற்குள் இன்னொரு தடவை போய்வரலாம். கயாக்கை மறுபடியும் தண்ணீருக்குள் தள்ளினாள்.