கால் சதவீதம்

"ஒரு குடும்பத் தலைவியாச் சொன்னாப் போதும், அத்தை. வட்டி குறையணுமா, வேணாமா?"

அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையில் நோட்டும் பேனாவுமாகக் கேட்டார் மாப்பிள்ளை.

மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "சமையலைத் தவிர வேற எதைப் பத்தியும் பேச மாட்டேன்னு போன வாரமே சொல்லிட்டேனே, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை நோட்டைப் புரட்டிப் புதுப் பக்கம் ஒன்றை எடுத்தார். அவர் ஒரு செய்திச் சேனலில் பொருளாதார நிபுணர். வளரும் ஆசிய நாடுகளின் பொருளாதாரத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று திரையில் அவர் பெயருக்குக் கீழே போடாதது ஒன்றுதான் குறை. ஆனால் மத்திய வங்கியின் வட்டி விகிதம் பற்றி அவர் சொன்ன ஆரூடங்கள் மூன்றும் வரிசையாக மண்ணைக் கவ்விவிட்டன. குறையும் என்றார், ஏறியது. ஏறும் என்றார், குறைந்தது. வெறுத்துப்போய், மாறவே மாறாது என்றார். அரை சதவீதம் குறைந்து தொலைத்தது.

"நாளன்னைக்குக் காலையில பத்து மணிக்கு அறிவிப்பு. இதுவும் தப்பாப் போச்சுன்னா நீங்க வீட்டிலேயே இருந்துக்கலாம். உங்களை எதுக்குச் சேர்த்தோம்னு உங்களுக்கே தெரியும்" என்று சேனல் முதலாளி நேற்றுக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் இந்த விசாரணை.

"கிழக்கே மூணு நாடு வட்டியைக் குறைச்சாச்சு, அத்தை. தெற்கே ஒரு நாடு குறைக்கலாமா வேணாமான்னு நகத்தைக் கடிச்சிட்டு இருக்கு. ஏற்றுமதி படுத்துடுச்சு. ஆசியா முழுக்க வளர்ச்சி மெலியும்ங்கறாங்க."

"நீங்களும்தான் மெலிஞ்சுட்டீங்க. மத்தியானம் நல்லாச் சாப்பிடுங்க."

'மெலிவு பற்றிக் கவலை இருக்கிறது' என்று மாப்பிள்ளை நோட்டில் குறித்துக்கொண்டார்.

"அதே சமயம் எண்ணெய் விலை ஏறினா நம்ம பணத்தோட மதிப்பு ஆட்டம் காணும். அப்போ குறைக்கத் தைரியம் வருமா?"

"எண்ணெயைக் குறைச்சுக்கிட்டா உடம்புக்கு நல்லதுதான்."

அதையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"அம்மாவை ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?" என்று கூடத்திலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"என் வேலை போனா உனக்குப் பரவாயில்லையா?"

"வேலை போனா வேற வேலை கிடைக்கும். இந்த வீட்டுச் சாப்பாடு போனா எங்க கிடைக்கும்?"

மாமனார் செய்தித்தாளை மூக்குவரை இறக்கினார். "இந்த வீட்டை வாங்கறப்போ நானே கேட்டுப் பார்த்துட்டேன், மாப்பிள்ளை. வட்டி குறையுமா, கொஞ்ச நாள் பொறுக்கலாமான்னு. வெண்டைக்காய் இளசாப் பார்த்து வாங்கிட்டு வாங்கன்னா."

"அப்புறம்?"

"வாங்கிட்டு வந்தேன். நல்ல வெண்டைக்காய்" என்றபடி செய்தித்தாளுக்குள் திரும்பப் போய்விட்டார்.

மாப்பிள்ளை சோர்ந்துபோனார். நோட்டை மூடலாம் என்று நினைத்தபோதுதான் அது நடந்தது. பட்டாணி வெந்துகொண்டிருந்த பாத்திரம் தளதளவென்று கொதித்தது. மாமியார் கையை நீட்டி, அடுப்பின் திருகைத் திருப்பித் தீயைக் குறைத்தார்.

மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார்.

"எவ்வளவு குறைச்சீங்க, அத்தை?"

"எதை?"

"தீயை. பாதியா, காலா?"

மாமியார் குனிந்து அடுப்பைப் பார்த்தார். "கால்வாசி இருக்கும். ஏன், தீயுதா?"

"இல்ல அத்தை. ஒண்ணுமில்ல. ரொம்ப நன்றி."

அன்றைக்கு மாப்பிள்ளை மூன்று முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். மாப்பிள்ளை முறுக்கையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். பொருளாதாரத்தில் இரண்டு பட்டம் வாங்கிய மனிதர், ஓர் அடுப்பை நம்பிப் பிழைப்பைப் பணயம் வைக்கிறாரே என்று பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு, நேரலையில், மேசையைத் தட்டிச் சொன்னார். "கால் சதவீதம் குறையும். குறையலேன்னா இந்த நாற்காலியில நான் இனிமே உட்கார மாட்டேன்."

செய்தி வாசிக்கும் பெண் அசந்துபோனாள். "இவ்வளவு உறுதியாச் சொல்றீங்களே சார், எதை வெச்சு?"

"பக்கத்து நாடுகளோட போக்கு, ஏற்றுமதிக் கணக்கு, அப்புறம்..." மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேர்ல பார்த்துச் சேகரிச்ச சில தகவல்கள்."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

மணி பத்து. திரையின் ஒரு பாதியில் மாப்பிள்ளை, மறு பாதியில் மத்திய வங்கியின் அரங்கம். ஆளுநர் வந்து அமர்ந்து, மைக்கைப் பக்கத்தில் இழுத்து, கையிலிருந்த தாளை ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார்.

"வளரும் ஆசிய நாடுகள் பலவும் வட்டியைக் குறைத்துவரும் வேளையிலும், நம் நாணயத்தின் மதிப்பைக் காக்க வேண்டியிருப்பதால், வட்டி விகிதம் கால் சதவீதம் உயர்த்தப்படுகிறது."

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை அடியோடு மறந்து, திரையில் தெரிந்த ஆளுநரைப் பார்த்து அழாக்குறையாகக் கேட்டார்.

"என்ன அத்தை, இப்படிப் பண்ணிட்டீங்க?"